மஞ்சள் சட்டை பதினெட்டு

பாசிர் கூடாங்
23.6.2024

மதிப்பிற்குரிய ஆன்ட்டி,

15 ஜூன் 2024, சனிக்கிழமை, பிற்பகல் மணி 4.02. எண்ணிக்கை: பதினெட்டு.

இந்த மூன்றும் சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். முதல் இரண்டு மட்டுமே சரி.

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. உங்கள் மகள் சாருமதியிடம் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள்: "அவங்க ஆலையில ஒரு போல்ட் கீழ விழுந்தாலும் ரிப்போர்ட் எழுதுவாங்களாமே. என்னை விட்டுட்டுப் போனதுக்கும் ஒண்ணு எழுதித் தரச் சொல்லு." கேலியா நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், அது சுலபம். மன்னிப்புக் கேட்பதுதான் எனக்குச் சரியாக வராது. ஆகவே இது ரிப்போர்ட்.

நோக்கம்: எனக்கும் சாருமதிக்கும் பரிசம் போடுவதற்கு முன் இரண்டு குடும்பமும் ஒரு நாள் பழக வேண்டும். வரவேற்பறையில் முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. நடந்தால் பேச்சு வரும் என்று நினைத்தேன்.

இடம்: கோத்தா திங்கியைத் தாண்டி ஆற்றோரம் இருக்கும் இயற்கைக் காப்பகம். மூன்று நடைபாதைகள். ஒன்று மேட்டுக் காட்டுக்குள், 2.1 கிலோமீட்டர். ஒன்று நன்னீர்ச் சதுப்பைச் சுற்றி. ஒன்று பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களுக்கு நடுவே சேற்றின் மேல் போட்ட பலகைப்பாதை, 900 மீட்டர், முடிவில் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு கோபுரம். யாருக்கு எது பிடிக்கும் என்று தெரியாது. மூன்றில் ஒன்றாவது பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன்.

ஆட்கள்: பஸ்ஸில் என்னையும் சாருமதியையும் சேர்த்துப் பதினான்கு. உங்கள் தம்பி நாச்சியப்பன் அங்கிள் காரில், உங்கள் ஊரான பத்து பாகாட்டிலிருந்து, நான்கு: அவர், அவர் மனைவி, மகள், நீங்கள். ஆகப் பதினெட்டு. பஸ் ஓட்டுநர் காளியப்பன் அண்ணன் கணக்கில் சேரவில்லை.

சட்டை: எல்லாருக்கும் 'குடும்ப தினம்' என்று அச்சடித்த மஞ்சள் டீ-சட்டை. அடித்தது பத்தொன்பது. நீங்கள் சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டீர்கள்.

நடந்தது: காலை மணி 9.40-க்கு வாசலில் பெயர் கூப்பிட்டு, டிக் போட்டு, உள்ளே போனோம். காட்டுப்பாதையும் சதுப்பும் முடிந்து 12.30-க்குச் சாப்பாடு. காளியப்பன் அண்ணன் சட்டையில் மீன் குழம்பைக் கொட்டிக்கொண்டார். மிச்சமிருந்த மஞ்சள் சட்டையைக் கொடுத்தேன். சாப்பிட்ட பிறகு நாங்கள் வாங்கப்போகும் வீட்டின் வரைபடத்தை உங்களுக்குக் காட்டினேன். 2.15-க்குப் பலகைப்பாதை. 3.45-க்கும் 3.55-க்கும் விசில் அடித்தேன். 4.02-க்கு வாசலில் எண்ணினேன். பதினெட்டு மஞ்சள் சட்டை. 4.10-க்குப் பஸ்ஸும் காரும் கிளம்பின.

நீங்கள் தம்பி காரில் திரும்பிவிட்டீர்கள் என்று சாருமதி நினைத்தாள். நீங்கள் மகளோடு ஜொகூர் பாருவில் இரண்டு நாள் தங்கப்போவதாக உங்கள் தம்பி நினைத்தார். 5.05-க்குக் கோத்தா திங்கி பெட்ரோல் நிலையத்தில் சாருமதி உங்கள் தம்பிக்குப் போன் செய்து, "அம்மாகிட்ட குடுங்க மாமா" என்றாள். அப்போதுதான் தெரிந்தது. 5.08-க்கு ரேஞ்சர் நிலையத்துக்குப் பேசினேன். 5.20-க்கு ரேஞ்சர் உங்களைக் கோபுரத்தில் பார்த்திருக்கிறார். 5.58-க்கு நாங்கள் திரும்பி வந்தோம்.

மொத்தம் 108 நிமிடம்.

காரணம்: கூடுதல் சட்டை. கொடுத்தது நான். காளியப்பன் அண்ணன் மேல் தவறில்லை. பெயர்ப்பட்டியலின் நகலை இணைத்திருக்கிறேன்.

ஜூலை 12 பரிசத்தை "பாப்போம்" என்று உங்கள் தம்பி என் அம்மாவிடம் சொல்லிவிட்டார். 17-ஆம் தேதி ஆடி பிறக்கிறது. அப்புறம் ஆவணிதான். அதுவும் நிச்சயமில்லை. பதில் எழுதுங்கள்.

குணாளன்


பத்து பாகாட்
27.6.2024

குணாளனுக்கு,

ரிப்போர்ட் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். நிமிடக் கணக்கு பிரமாதம். மன்னிப்பு என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அது உங்களுக்கு வராது என்று சொல்வதற்காக.

108 நிமிடம் என்று கூட்டிப் போட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. சேற்றில் கண்ணைத் துருத்திக்கொண்டு மீன்கள் தவழ்ந்தன. மழை பிடித்து, விட்டது. மரவேர்களுக்கு நடுவிலிருந்து நீர்நாய்கள் வந்தன. எண்ணினேன்: ஆறு. ஆற்றில் விளையாடிவிட்டு அதே வழியாகத் திரும்பிப் போயின. அப்போதும் ஆறு. அவற்றுக்குப் பட்டியலும் கிடையாது, டீ-சட்டையும் கிடையாது.

இப்போது நீங்கள் இணைத்த தாளுக்கு வருகிறேன். நான் வங்கியில் முப்பத்தொரு வருடம் கையெழுத்து ஒப்பிட்டுப் பார்த்தவள். காலைப் பத்தியில் உள்ள டிக் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கிறது. ஆளைப் பார்த்து, நிறுத்தி, போட்டது. மாலைப் பத்தியில் பதினெட்டும் ஒரே சாய்வு, ஒரே மூச்சு. கடைசி மூன்று கோட்டைத் தாண்டி ஓடுகின்றன. பதினைந்தாவது வரியில் வேதநாயகி. அதற்கு எதிரேயும் டிக்.

சட்டையை எண்ணினேன் என்கிறீர்கள். சட்டையில் யார் பெயரும் இல்லையே. பிறகு என் பெயருக்கு டிக் போட்டது யார்?

இன்னொன்று. காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். மாலையில் ஏன் கூப்பிடவில்லை? அதற்கு உங்கள் ரிப்போர்ட்டில் பதிலில்லை. 'காரணம்: கூடுதல் சட்டை' என்பது வங்கியில் என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கேயும் அதைத்தான் செய்கிறேன்.

"பதினெட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவனுக்கா பொண்ணு குடுக்கப் போறீங்க, ஆச்சி?" என்று தம்பி தினமும் போன் செய்து கேட்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாருமதி இந்த வாரமும் வீட்டுக்கு வரவில்லை. அவளிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேதநாயகி


பாசிர் கூடாங்
30.6.2024

ஆன்ட்டி,

டிக் போட்டது நான். பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு, பத்து விநாடியில், பதினெட்டுக்கும்.

இது எவ்வளவு மோசம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஆலையில் ஒரு தொட்டிக்குள் வேலைக்கு இறங்குவதென்றால், இறங்குகிறவர் தன் பெயர் அட்டையை வாசலில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் அவரே எடுக்க வேண்டும். பலகை காலியான பிறகுதான் மூடியைப் போடுவோம். தலையை எண்ணுவது கிடையாது. ஏனென்றால் வெளியே நிற்கும் தலை உள்ளே போன தலைதானா என்று யாருக்கும் தெரியாது. 2022-இல் மதிவாணன் என்று ஒருவன், எனக்கு ஒரு வருடம் இளையவன், ஆளைப் பார்க்காமல் பாரத்தில் டிக் போட்டான். அன்றைக்கே வேலை போயிற்று. அவனைப் பற்றி எழுதிக் கொடுத்தது நான். மேலிடத்தில் பாராட்டினார்கள்.

அந்த நான்தான் இதைச் செய்தேன்.

ஏன் என்று கேட்டீர்கள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். காலையில் பதினைந்தாம் எண் வந்தது. ஆலையில் கூப்பிடும் பழக்கத்தில் "வேதநாயகி" என்று கத்திவிட்டேன். என் அம்மா கையைக் கிள்ளினார். உங்கள் தம்பி திரும்பிப் பார்த்து, "யாருப்பா அது, மாமியா பேர ஏலம் போடறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் கையால் வாயை மூடிக்கொண்டீர்கள். சிரித்தீர்களா, கோபமா என்று தெரியவில்லை. அந்த நாள் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் பட்டியல் கையில்தான் இருந்தது. பதினைந்தாம் எண்ணில் என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஆன்ட்டி என்றால் ஐந்து பேர் திரும்புவார்கள். அத்தை என்று சொல்ல இன்னும் உரிமை வரவில்லை. உங்கள் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டால் அதற்கும் சிரிப்பார்கள். மேகம் கறுத்துவிட்டது. எனக்கு ஏழு மணிக்கு ஷிஃப்ட். சட்டையை எண்ணிவிட்டு வேலையை முடித்தேன்.

ஆகவே, காரணம்: கூடுதல் சட்டை இல்லை. ஒரு பெயரைக் கூப்பிட வெட்கப்பட்டேன். அதை மறைக்கப் பட்டியலில் பொய் டிக் போட்டேன். திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி. முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். பயந்தீர்களா?

மன்னித்துவிடுங்கள். (நாலு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு ஒருவழியாக வந்துவிட்டது.)

குணாளன்


பத்து பாகாட்
4.7.2024

குணாளனுக்கு,

செவ்வாய்க்கிழமை அந்தக் காப்பகத்துக்கு மறுபடியும் போனேன். தனியாக. கோத்தா திங்கி வரை பஸ், அங்கிருந்து வாடகைக் கார். தம்பிக்குத் தெரிந்தால் கத்துவான் என்று சொல்லவில்லை.

மூன்று பாதையும் நடந்தேன். அன்று உங்கள் கூட்டத்தோடு நடந்தபோது முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்த்தேன், அதுவும் மஞ்சள். இந்தத் தடவைதான் இடத்தைப் பார்த்தேன். மேட்டுக் காட்டில் வேர்கள் படிக்கட்டு மாதிரி. தலைக்கு மேல் இருவாச்சி பறந்தால் யாரோ பாயை உதறுகிற சத்தம் கேட்கிறது. சதுப்புப் பக்கம் வந்தால் தண்ணீர் கடுங்காப்பி நிறம். பாக்காவ் காட்டுக்குள் நுழைந்தால் காற்றே மாறிவிடுகிறது, உப்பு வாடை. அரை நாளில் மூன்று ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. உங்கள் கணக்கு தப்பில்லை. எனக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது.

வாசலில் ரேஞ்சர் ரோஸ்லி என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். அன்று போலவே காப்பி கொடுத்தார். விசில் கேட்டும் வராத மக்சிக், அதாவது ஆன்ட்டி, என்று மற்றவரிடம் சொல்லிச் சிரித்தார். அன்று நான் உங்களிடம் உளறியதை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். அன்று மாலையே, நீங்கள் மூச்சிரைக்க ஓடி வந்தபோதே, உங்களிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

ஆக, உங்களுக்குத் தெரியும். முதல் கடிதம் எழுதும்போதே தெரியும். ரிப்போர்ட்டில் இல்லை. அன்றே தம்பி திரும்பி வந்து உங்களை எல்லார் முன்னாலும் திட்டியபோது நீங்கள் வாய் திறக்கவில்லை. சாருமதிக்கும் தெரியவில்லை.

சரி. என் ரிப்போர்ட்டை நானே எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டு வரைபடம் காட்டினீர்கள். மூன்றாவது அறையில் 'அம்மா' என்று எழுதி ஒரு அம்புக்குறி. கட்டில் போட்டாயிற்று. விளக்கு சுவிட்ச் கைக்கு எட்டும் உயரத்தில். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. எனக்கு வயது அறுபத்திரண்டு. சனிக்கிழமைச் சந்தையில் பத்துக் கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு வருகிறவள். பத்து பாகாட் வீட்டை என்ன செய்வது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. சாருமதியிடம், "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன். "நீங்க ஒத்துக்குவீங்கன்னு தெரியும்மா, அதான்" என்றாள். உங்கள் வீட்டில் நான் ஏற்கெனவே டிக் போட்ட ஆள்.

அந்தக் கோபத்தில்தான் பலகைப்பாதையில் எல்லாரும் திரும்பியபோது நான் மட்டும் கோபுரத்தில் நின்றுகொண்டேன். போனை அணைத்தேன். விசில் கேட்டது. இரண்டு தடவையும் நன்றாகவே கேட்டது. யார் தேடிக்கொண்டு வருகிறார்கள் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பத்து நிமிடம் என்றுதான் நினைத்தேன். மரங்களுக்கு அப்பால் உங்கள் பஸ் கூரை நகர்ந்தது. யாரும் வரவில்லை.

கேட்டீர்களே, பயந்தேன். முதலில் கோபம். மழை வந்ததும் பயம். பிறகு போனைப் போட்டேன். யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் நான் தோற்ற மாதிரி. மறுபடியும் அணைத்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் நீர்நாய்கள் வந்தன. இல்லையென்றால் அழுதிருப்பேன்.

நேற்று தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம், "அப்ப அந்தத் தம்பிகிட்ட நான் பேசுனதுக்கு என்ன செய்யறது, ஆச்சி?" என்றான். "நீ பேசுனது, நீதான் திருப்பி எடுக்கணும்" என்றேன். உங்களுக்குப் போன் செய்வான். எடுங்கள். ஜூலை 12 பரிசம் நிற்கிறது. ஐயரிடம் நேரம் கேட்டாயிற்று, காலை 10.30. சாருமதி நேற்றிரவே இங்கே வந்துவிட்டாள். அழுதாள், திட்டினாள், இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

இரண்டு விஷயம் பாக்கி. ஒன்று, தெரிந்தும் ஏன் எழுதவில்லை?

இரண்டு, அன்று காலை நான் சிரித்தேன். கோபமில்லை. வங்கியில் மேடம், சாருமதிக்கு அம்மா, தம்பிக்கு ஆச்சி, அக்கம்பக்கத்தில் ஆன்ட்டி. என் பெயரை முழுசாக ஒருவர் வாய் விட்டுக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. எனக்கே யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஆகவே ஆட்களை எண்ணும்போது என் பெயரைச் சொல்லுங்கள், சத்தமாக. தம்பி சிரித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற நேரத்தில் எங்கள் வீட்டு வழக்கப்படி அயித்தை.

வேதநாயகி


பாசிர் கூடாங்
7.7.2024

அயித்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எட்டு மணி நேரம் தூங்கினேன். மூன்று வாரத்தில் முதல் தடவை. ஷிஃப்டுக்கு எழுப்ப அம்மா கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

உங்கள் தம்பி போன் செய்தார். 22 நிமிடம் பேசினோம். "கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்பது ஒரு நிமிடம். மீதி 21 நிமிடம், பரிசத்தன்று உங்கள் தெருவில் பஸ்ஸை எங்கே நிறுத்தலாம் என்பது. அவர் சொன்ன இடத்தில் பஸ் திரும்பாது. சொன்னேன். திரும்பும் என்றார். விட்டுவிட்டேன். நான் ஒன்றை விட்டுவிட்டதாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். சாருமதி இதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். தயவுசெய்து திருத்துங்கள். விசிலுக்கு வராதவர் காரணம் ஆகமாட்டார். வராதவர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் பட்டியலே இருக்கிறது. தூங்கியிருக்கலாம், மயங்கியிருக்கலாம், கோபமாக இருக்கலாம். எதுவானாலும் பெயரைக் கூப்பிட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். நீங்கள் அன்று ஒழுங்காக வந்து நின்றிருந்தால் பட்டியலில் பதினெட்டு, சட்டை பத்தொன்பது என்று வந்திருக்கும். அதையும் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பேன். பொய் டிக் போடுகிறவன் நான் என்று எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

வரைபடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். சுவிட்ச் உயரத்தை அளந்தவனுக்கு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கைப்பிடி என் யோசனை, சாருமதியுடையது அல்ல. அவளைத் திட்டியிருந்தால் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் என்றால் இனி செய்யப்போவதைக் கையெழுத்துக்குக் கீழே போடுவது எங்கள் வழக்கம். போட்டிருக்கிறேன்.

குணாளன்

1. ஜூலை 12, பரிசம். பஸ் மறுபடியும் காளியப்பன் அண்ணனுடையது. இந்தத் தடவை அவர் பெயரும் பட்டியலில் இருக்கும்.

2. ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் கூப்பிடுவேன். பதில் காதில் விழுந்த பிறகுதான் டிக்.

3. மஞ்சளோ வேறு நிறமோ, எந்தச் சட்டையும் அடிக்கமாட்டேன்.

4. மதிவாணன் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான். நம்பர் வாங்கிவிட்டேன். அவன் செய்தது தவறுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஏன் செய்தாய் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்பேன்.

5. வரைபடத்தில் மூன்றாவது அறையின் பெயரையும் கைப்பிடியையும் அழித்துவிட்டேன். நீங்கள் சொல்லும்வரை அது வெறும் சதுரம். பத்து பாகாட்டிலேயே இருக்கிறேன் என்றால் என் கருவிப் பெட்டிகளுக்கு இடம் கிடைக்கும்.

6. ஜூலை 14, ஞாயிறு, காலை மணி 8.30, அதே காப்பகம். எண்ணிக்கை: மூன்று. நீங்கள், சாருமதி, நான். வருகிறீர்களா? (கேட்டிருக்கிறேன். கவனிக்கவும்.)

7. கிளம்பும்போது வாசலில் நின்று "வேதநாயகி" என்று கூப்பிடுவேன். பதில் வரவில்லையென்றால் விசில் அடிக்கமாட்டேன். கோபுரத்துக்கு நடந்து வருவேன். 900 மீட்டர், பன்னிரண்டு நிமிடம். நீர்நாய் வந்திருந்தால் நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.